மார்பகத்தை முழுதாக எடுத்தால்தான் நிம்மதியா? பெர்னார்ட் ஃபிஷர் தேடிக் கண்ட பதில்

மார்பகப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தில் எழும் முதல் குரல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எதுக்கு மிச்சம் வைக்கணும்? மொத்தமா எடுத்துருங்க டாக்டர்." சொல்பவர் அன்பினால்தான் சொல்கிறார். அதிகம் எடுத்தால் அதிகப் பாதுகாப்பு என்பது யாருக்கும் தோன்றக்கூடிய கணக்கு. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகின் பெரிய பெரிய அறுவை மருத்துவர்களே இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள்.

அதைச் சோதித்துப் பார்த்து, தவறு என்று காட்டியவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர். 1918இல் பிறந்து, 2019இல் தம் 101ஆம் வயதில் காலமானார். இன்று ஆரம்ப நிலையில் நோய் கண்ட பெண்ணிடம், "கட்டியை மட்டும் எடுத்தால் போதும்மா, அப்புறம் கதிரியக்கம் கொடுத்துக்கலாம்" என்று ஒரு மருத்துவர் சொல்ல முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் இவருடைய ஐம்பதாண்டு உழைப்பு இருக்கிறது.

ஆனால் இந்த விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுப் பேசுபவர்கள் நிறைய. சின்ன ஆபரேஷன் என்றால் பாதி வைத்தியம் என்கிறார்கள் சிலர். ஆபரேஷனால் பயனே இல்லை என்று அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு. ஃபிஷர் என்ன கேள்வி கேட்டார், எப்படிப் பதில் தேடினார் என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

## கொல்லையில் ஒரு எருக்கஞ்செடி

கொல்லையில் எருக்கஞ்செடி ஒன்று முளைத்திருக்கிறது. வெட்டினால் போதாது, வேர் மிச்சமிருந்தால் திரும்பத் துளிர்க்கும். அதனால் செடியோடு சுற்றியுள்ள மண்ணையும் ஒரு முழத்துக்குத் தோண்டி எடுத்துவிடுகிறோம். செடி இன்னும் காய்க்கவில்லை என்றால் அதோடு வேலை முடிந்தது. காய் ஏற்கெனவே வெடித்து, பஞ்சோடு விதை காற்றில் போயிருந்தால்? ஒரு முழம் என்ன, பத்து முழம் தோண்டினாலும் போன விதை போனதுதான். அந்த விதைகளில் எது முளைக்கும், எது முளைக்காமலே போகும் என்பது அவை விழுந்த மண்ணைப் பொறுத்தது.

விதை, மண் என்ற இந்த எண்ணம் மருத்துவத்துக்குப் புதிதும் இல்லை. 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டு இதைத்தான் எழுதினார். நோய் எல்லா உறுப்புகளுக்கும் ஒரேமாதிரி பரவுவதில்லை, சில இடங்களில்தான் வேர் பிடிக்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவ உலகம் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு, சுற்றியுள்ள மண்ணை எவ்வளவு தூரம் தோண்டலாம் என்பதிலேயே குறியாக இருந்தது.

## ஹால்ஸ்டெட்டின் பெரிய ஆபரேஷன்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அவர் நம்பியது இது: புற்றுநோய் ஓரிடத்தில் தொடங்கி, படிப்படியாக, பக்கத்தில் இருப்பதைத் தொட்டுத் தொட்டுத்தான் பரவும். அப்படிப் பரவும் வழி நிணநீர்க் குழாய்கள். உடலின் திசுக்களிலிருந்து கசியும் தெளிந்த நீர்தான் நிணநீர். மெல்லிய குழாய்கள் வழியாகப் போய்க் கடைசியில் ரத்தத்தில் கலக்கும். வழியில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்கு நிணநீர்க் கணுக்கள் என்று பெயர். அக்குளில் "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அந்த நெறி இந்தக் கணு வீங்கியதுதான்.

கணுக்கள் புற்றுநோய் செல்களைத் தடுத்து நிறுத்தும், அவை நிரம்பிய பிறகுதான் நோய் அடுத்த இடத்துக்குத் தாண்டும் என்பது ஹால்ஸ்டெட்டின் எண்ணம். அப்படியானால் கட்டியையும் கணுக்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிட்டால் நோயை வேரோடு பிடுங்கியது மாதிரி ஆகும். அவர் செய்ததும் அதுதான். மார்பகம் முழுவதும், அதன் மேல் தோல், அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளில் உள்ள கணுக்கள் எல்லாம் போகும்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பெண்ணின் உடல் எப்படி இருந்தது என்று சொல்லாமல் கடந்துபோகக் கூடாது. தசை போனதால் காறை எலும்புக்குக் கீழே குழி விழும். விலா எலும்பின் மேல் நேரடியாகத் தோல் ஒட்டிக்கொள்ளும், எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தலை சீவுவதே சிரமம். கணுக்கள் போனதால் நிணநீர் வடிய வழியின்றிப் பலருக்குக் கை முழுவதும் வீங்கிக் கனத்துவிடும், சட்டைக் கை நுழையாது. அந்த வீக்கம் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

மனத்துக்கு நேர்ந்தது வேறு. அமெரிக்காவில் 1970களிலும் பரவலாக இருந்த வழக்கம் இது. கட்டி புற்றுநோய்தானா என்று தெரிவதற்கு முன்பே பெண்ணிடம் கையெழுத்து வாங்கி மயக்கம் கொடுத்துவிடுவார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பார்கள். புற்றுநோய் என்று வந்தால் அப்படியே மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். கண் விழித்த பெண், நெஞ்சில் போட்ட கட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதை எதிர்த்துக் கடுமையாகப் போராடியவர் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர். அவருக்கும் அந்த நோய் வந்திருந்தது.

ஹால்ஸ்டெட்டைக் கொடுமைக்காரர் என்று எண்ண வேண்டாம். அந்தக் காலத்துப் பெண்கள் கட்டி பெரிதாகி, புண்ணாகி, நாற்றமெடுத்த பிறகுதான் மருத்துவரிடம் வந்தார்கள். 1894இல் அவர் வெளியிட்ட கணக்கில், 50 பெண்களில் வெட்டிய அதே இடத்தில் நோய் திரும்பியது 6 சதவீதத்தினருக்குத்தான். ஐரோப்பாவின் புகழ்பெற்ற மருத்துவர்களிடம் அது பாதிக்கு மேல் இருந்தது. அவர் புகழ் பெற்றதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் எண்ணியது என்ன என்று கவனியுங்கள். அதே இடத்தில் நோய் திரும்புகிறதா என்று எண்ணினார். அந்தப் பெண் எத்தனை ஆண்டு உயிரோடிருந்தார் என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் எண்பது ஆண்டுச் சிக்கலின் அடிவேர்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: நோய் வரிசையாகப் பரவும் என்று நம்பினார்கள், அதனால் பெரிய ஆபரேஷன் செய்தார்கள். அது அந்த இடத்தில் நோய் திரும்புவதைக் குறைத்தது. உயிரைக் கூடுதலாகக் காத்ததா என்று நெடுங்காலம் யாரும் முறையாகச் சோதிக்கவில்லை.

## எலிகள் சொன்னது

ஃபிஷர் புற்றுநோய் ஆய்வுக்கு ஆசைப்பட்டு வந்தவர் அல்ல. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1950களில் அங்கேயே அறுவை ஆராய்ச்சிக்கென ஓர் ஆய்வகம் தொடங்கினார். வெட்டிய கல்லீரல் எப்படித் திரும்ப வளர்கிறது, உறுப்பு மாற்று சாத்தியமா என்பவைதான் அவருக்குப் பிடித்த விஷயங்கள். அவருடைய ஆசிரியர் ஐசிடோர் ராவ்டின் கூப்பிட்டதால்தான், மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று ஆராயவிருந்த ஒரு குழுவில் 1958இல் சேர்ந்தார். பல மருத்துவமனைகள் கைகோத்த அந்தக் குழுதான் பிற்பாடு என்.எஸ்.ஏ.பி.பி. என்ற பெயரில் அறியப்பட்டது. 1967இல் அதற்கு அவரே தலைவரானார்.

சேர்ந்த பிறகு அவருக்குக் கேள்வி பிடித்துக்கொண்டது. ஹால்ஸ்டெட் சொன்ன வழியில்தான் நோய் பரவுகிறதா? அவருடைய தம்பி எட்வின் ஃபிஷர் நோய்க்கூறு மருத்துவர், அதாவது திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயை அறிபவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் விலங்குகளில் சோதனை செய்தார்கள். கணுவுக்குள் புற்றுநோய் செல்களைச் செலுத்தி அவை எங்கே போகின்றன என்று பார்த்தார்கள். பல செல்கள் கணுவில் நிற்கவே இல்லை, நுழைந்து தாண்டிப் போய்விட்டன. நிணநீரிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து நிணநீருக்கும் அவை மாறி மாறிப் பயணம் செய்தன. கணு காவல் நிற்கும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இதிலிருந்து ஃபிஷர் ஒரு புதுக் கருத்துக்கு வந்தார். கட்டி கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்வதற்குள், பல பெண்களிடம் புற்றுநோய் செல்கள் ரத்தத்தின் வழியாக உடலின் வேறு பாகங்களுக்குப் போயிருக்கக்கூடும். சிலரிடம் போயிருக்காது. போனவர்களுக்கு எவ்வளவு பெரிதாக வெட்டினாலும் அது மட்டும் போதாது. போகாதவர்களுக்கு அவ்வளவு பெரிதாக வெட்ட அவசியமே இல்லை. எப்படிப் பார்த்தாலும், வெட்டின் அளவு உயிரை முடிவு செய்யாது.

இது வெறும் ஊகம்தான். ஃபிஷரும் அதை அப்படித்தான் கருதினார். எலியில் பார்த்ததை வைத்து ஒரு பெண்ணின் சிகிச்சையை மாற்ற முடியாது. மனிதர்களிடமே சோதிக்க வேண்டும். எப்படி?

## ஏன் குலுக்கிப் போட வேண்டும்?

சின்ன ஆபரேஷன் போதும் என்று அவருக்கு முன்பே சொன்னவர்கள் உண்டு. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் 1920களிலேயே கட்டியை மட்டும் எடுத்து ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்தார். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஜார்ஜ் கிரைல் ஜூனியர் பெரிய ஆபரேஷனை வெளிப்படையாகக் கண்டித்தார். தங்கள் நோயாளிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று இருவரும் காட்டினார்கள். ஆனாலும் மற்றவர்கள் நம்பவில்லை. நம்பாததற்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது.

ஒரு மருத்துவர் யாருக்குச் சின்ன ஆபரேஷன் செய்வார்? கட்டி சிறிதாக, நோய் லேசாக இருப்பவருக்கு. அவர்கள் எப்படியும் நன்றாகத்தான் இருப்பார்கள். அல்லது வயதாகி, உடம்பு பெரிய ஆபரேஷனைத் தாங்காதவருக்கு. அவர்கள் எப்படியும் சீக்கிரம் இறந்துவிடலாம். இந்த இரு சாராரின் முடிவையும் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டால் நாம் ஆபரேஷன்களை ஒப்பிடவில்லை, ஆட்களைத்தான் ஒப்பிடுகிறோம். மருத்துவரின் அனுபவம் எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் இந்தக் கோளாறு அதில் கலந்தே இருக்கும்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரும் தேர்ந்தெடுக்காமல், நோயாளியும் தேர்ந்தெடுக்காமல், குலுக்கல் முறையில் விடுவது. இப்படிச் செய்யும் ஆய்வைக் குலுக்கல் முறை ஆய்வு என்பார்கள். நூற்றுக்கணக்கானவர்களை இப்படிப் பிரிக்கும்போது வயது, கட்டியின் அளவு, உடல்வாகு, இன்னும் நமக்குத் தெரியவே தெரியாத வேறுபாடுகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். மிஞ்சும் ஒரே வேறுபாடு சிகிச்சைதான். அப்புறம் முடிவில் வித்தியாசம் வந்தால் அது சிகிச்சையால் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

"பெண்களைச் சோதனை எலியாக்கினார்களா?" என்று சிலர் கேட்பதுண்டு. எந்தச் சிகிச்சை மேல் என்று நிஜமாகவே யாருக்கும் தெரியாத நிலையில்தான் இந்த ஆய்வு நடந்தது. தெரியாமலேயே எண்பது ஆண்டுகளாக பெரும்பாலான பெண்களுக்குப் பெரிய ஆபரேஷன் செய்துவந்ததை என்னவென்று சொல்வது? அதில் முறையான ஒப்பீடு நடந்ததே அரிது. குலுக்கலுக்குச் சம்மதித்த பெண்கள்தான் அந்த இருட்டை முதலில் விலக்கினார்கள் என்று நான் நினைக்கிறேன். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது.

## முதல் சோதனை: பி-04

1971இல் தொடங்கியது பி-04 ஆய்வு. அக்குளில் நெறி தட்டுப்படாத 1,079 பெண்களை மூன்று குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹால்ஸ்டெட் முறையில் பெரிய ஆபரேஷன். இரண்டாம் குழுவுக்கு மார்பகத்தை மட்டும் எடுத்து, தசையை விட்டு, அக்குளுக்குக் கதிரியக்கம். மூன்றாம் குழுவுக்கு மார்பகத்தை மட்டும் எடுப்பது, அக்குளைத் தொடுவதில்லை. பின்னால் நெறி கட்டினால் அப்போது எடுத்துக்கொள்வது. நெறி தட்டுப்பட்ட 586 பெண்களுக்குத் தனியாக, முதல் இரண்டு சிகிச்சைகளை மட்டும் ஒப்பிட்டார்கள்.

25 ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோதும் எந்தக் குழுவுக்கும் உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வில் என்னை மிகவும் வியக்க வைப்பது மூன்றாம் குழு. முதல் குழுவில் அக்குள் கணுக்களை எடுத்துப் பரிசோதித்தபோது, கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் ஏறத்தாழ 40 சதவீதத்தினரின் கணுக்களில் புற்றுநோய் இருந்தது. குலுக்கிப் பிரித்ததால் மூன்றாம் குழுவிலும் அதே அளவு பேருக்கு இருந்திருக்க வேண்டும். அதை அப்படியே உள்ளே விட்டு வைத்தார்கள். ஆனால் பிற்பாடு நெறி கட்டி வெளிப்பட்டது 18 சதவீதத்தை ஒட்டித்தான். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் கணுவில் இருந்த நோய் தலைகாட்டவே இல்லை. தலைகாட்டியவர்களுக்கும் தாமதமாக எடுத்ததால் உயிர் பிழைப்பதில் குறை தெரியவில்லை. கணுதான் நோய் பரவும் படிக்கட்டு என்றால் இது நடந்திருக்கவே முடியாது. கணுவில் நோய் இருப்பது, அது வேறு இடங்களுக்கும் போயிருக்கலாம் என்பதற்கான அடையாளம். பரவலுக்குக் காரணம் கணு அல்ல.

ஃபிஷரின் சக அறுவை மருத்துவர்கள் பலர் கொதித்தார்கள். தாங்கள் கற்றதும் கற்பித்ததும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்ததும் தேவையற்றது என்று ஒருவர் எண்களோடு வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 1974இல் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்குக்கூட ஹால்ஸ்டெட் வழி ஆபரேஷன்தான் நடந்தது. 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, அந்தப் பெரிய ஆபரேஷனை வழக்கமான சிகிச்சையாக இனி வைத்திருக்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது. பரிசோதனையையும் ஆபரேஷனையும் இரண்டு தனி நாளில் செய்யலாம் என்றும் அது பரிந்துரைத்தது. ரோஸ் குஷ்னர் அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தார்.

## அடுத்த படி: மார்பகத்தையே விட்டுவைக்கலாமா?

தசையை விடலாம் என்று தெரிந்துவிட்டது. மார்பகத்தை? இதற்காக 1976இல் தொடங்கியதுதான் பி-06. 4 சென்டிமீட்டர் வரை கட்டி இருந்த பெண்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முழு மார்பகமும் எடுப்பது. கட்டியையும் அதைச் சுற்றி ஒட்டிய கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுப்பது. அப்படி எடுத்துவிட்டு மிச்ச மார்பகத்துக்குக் கதிரியக்கம் கொடுப்பது. கட்டியை மட்டும் எடுக்கும் இந்த ஆபரேஷனுக்கு லம்பெக்டமி என்று பெயர். கதிரியக்கம் என்பது, நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்கிறார்களே, அதுதான். அதில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. ஊடுருவும் கதிர்களை அந்த இடத்தில் பாய்ச்சி, மிஞ்சியிருக்கக்கூடிய புற்றுநோய் செல்களைச் சிதைப்பார்கள்.

ஆள் சேர்ப்பது படாத பாடாக இருந்தது. எதிரில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "உங்களுக்கு மார்பகம் இருக்குமா இருக்காதா என்பது குலுக்கலில் வரும்" என்று சொல்ல மருத்துவர்களுக்கு நா எழவில்லை. 1978இல் முறையைக் கொஞ்சம் மாற்றினார்கள். முதலில் குலுக்கி, வந்த சிகிச்சை இன்னது என்று சொல்லி, அதற்குச் சம்மதமா என்று கேட்டார்கள். மறுத்தவர்கள் விரும்பிய சிகிச்சையைப் பெற்றுக்கொண்டார்கள். சேர்க்கை வேகமெடுத்தது.

முதல் முடிவு 1985இல் வந்தது, 20 ஆண்டு முடிவு 2002இல். கணக்கில் எடுத்த 1,851 பெண்களில், 20 ஆண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் முழு மார்பகம் எடுத்த குழுவில் 47 சதவீதம், கட்டியை மட்டும் எடுத்த குழுவில் 46, கதிரியக்கமும் சேர்ந்த குழுவில் 46. மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கம்.

வேறுபாடு வந்தது இன்னொரு இடத்தில். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டவர்களில் 39.2 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிரியக்கம் பெற்றவர்களில் 14.3 சதவீதத்தினருக்கு மட்டுமே. கொல்லையில் மிஞ்சிய வேர்த்துணுக்கைப் பொசுக்கும் வேலையைக் கதிரியக்கம் செய்கிறது. ஆகவே சின்ன ஆபரேஷன் என்றால் சின்ன ஆபரேஷனும் கதிரியக்கமும் சேர்ந்த ஒரே சிகிச்சை என்று புரிந்துகொள்ள வேண்டும். முதல் பாதியைச் செய்துகொண்டு, தழும்பு ஆறிவிட்டது, வலி இல்லை என்று இரண்டாம் பாதிக்குப் போகாமல் விடுவது ஆபத்து.

இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி, 1973இலேயே இதேபோன்ற ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருந்தார். 701 பெண்கள். அவருடைய 20 ஆண்டு முடிவும் அதே 2002இல், அதே மருத்துவ இதழில் வந்தது. அங்கேயும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஆரம்ப நிலை நோயில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிரியக்கம் கொடுப்பதும் முழு மார்பகத்தை எடுப்பதும் உயிரைப் பொறுத்தவரை ஒன்றுதான். மார்பகத்தில் நோய் திரும்பாமல் இருக்கப் பெரும்பாலானவர்களுக்குக் கதிரியக்கம் வேண்டும்.

## பறந்துபோன விதைகளுக்கு என்ன செய்வது?

ஃபிஷரின் வேலையில் பலர் கவனிக்காமல் விடும் பாதி இது. வெட்டு சிறிதாகலாம் என்று அவர் சொன்னதற்கே காரணம், நோய் உடல் முழுவதற்குமானதாக இருக்கலாம் என்பதுதான். அப்படியானால் உடல் முழுவதற்கும் போகும் சிகிச்சையும் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ தங்கியிருக்கக்கூடிய செல்களை அழிக்கக் கொடுக்கும் மருந்தைத் துணைச் சிகிச்சை என்பார்கள். "கட்டிதான் எடுத்தாச்சே, ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு கீமோ?" என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

1972இல் அவருடைய குழு, அக்குள் கணுக்களில் நோய் இருந்த பெண்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் ஒரே வகைக் கீமோ மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துச் சோதித்தது. 1975இல் வந்த முதல் முடிவுகளில், குறிப்பாக மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, நோய் திரும்புவது குறைந்திருந்தது. அடுத்த ஆண்டே மிலானில் ஜியான்னி போனடோனா மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து இன்னும் நல்ல பலன் காட்டினார்.

பிறகு டமாக்சிஃபென் மாத்திரை. பல மார்பகப் புற்றுநோய்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். டமாக்சிஃபென் முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும், ஹார்மோனுக்கு இடமிருக்காது. கணுவில் நோய் இல்லாத, ஏற்பி உள்ள பெண்களுக்கும் இது பயன் தருகிறது என்று ஃபிஷரின் குழு 1989இல் காட்டியது. அதையும் தாண்டி, நோயே வராத, ஆனால் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 13,388 பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். 1998இல் வந்த முடிவு: பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய் வருவது 49 சதவீதம் குறைந்தது. கூடவே கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதும் சற்று அதிகமாயின. அதனால்தான் இந்த மாத்திரையை எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பதில்லை.

## ஒரு பொய், ஒரு புயல்

1994இல் ஒரு செய்தி அமெரிக்கப் பெண்களை நிலைகுலையச் செய்தது. ஃபிஷரின் ஆய்வில் பங்கெடுத்த கனடாவின் மான்ட்ரியால் மருத்துவமனை ஒன்றில், ரோஜே புவாசோன் என்ற மருத்துவர் பதிவுகளைத் திருத்தியிருந்தார். ஆய்வில் சேரத் தகுதியில்லாத சிலரைச் சேர்ப்பதற்காகத் தேதி போன்ற விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறார். பி-06இல் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அந்த மருத்துவமனையிலிருந்து வந்தவர். திருத்தியது ஃபிஷர் அல்ல. ஆனால் விஷயம் தெரிந்த பிறகும் மறு கணக்கீட்டைத் தாமதமின்றி வெளியிடவில்லை என்று குற்றம்சாட்டி, அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள்.

மார்பகத்தைக் காப்பாற்றிக்கொண்ட பெண்களுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்! தவறான கணக்கை நம்பி உயிரைப் பணயம் வைத்துவிட்டோமோ என்று எத்தனை பேர் தூக்கமின்றித் தவித்திருப்பார்கள். என் பார்வையில், தாமதத்துக்கு என்ன காரணம் இருந்தாலும் அந்தப் பெண்களுக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும்.

ஆய்வு என்ன ஆனது? மான்ட்ரியால் பெண்கள் எல்லாரையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத் திரும்ப எண்ணினார்கள். முடிவு மாறவில்லை. 1995இல் அது வெளியானது. மிலான் ஆய்வோ இதற்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாக அதே முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே கேள்வியை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு ஆட்கள் திரும்பச் சோதிப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. ஃபிஷர்மீது தவறில்லை என்று 1997இல் விசாரணை முடிந்தது. பல்கலைக்கழகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுச் சமரசம் செய்துகொண்டது.

## இது எல்லாருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, ஒரே மார்பகத்தில் பல இடங்களில் பரவலாக இருந்தாலோ, எடுத்த துண்டின் ஓரத்தில் திரும்பத் திரும்பப் புற்றுநோய் செல்கள் தென்பட்டாலோ முழுதாக எடுப்பதே பொருத்தமாக இருக்கலாம். முன்பே அந்த இடத்தில் கதிரியக்கம் பெற்றவர்களுக்கும் அப்படித்தான். நம் ஊரில் கட்டி பெரிதான பிறகு வருபவர்கள் இன்னும் அதிகம். கதிரியக்க வசதியோ பெரும்பாலும் பெரிய ஊர்களில்தான். வாரக்கணக்கில் அங்கே தங்க முடியாத பெண், யோசித்தே முழு ஆபரேஷனைத் தேர்ந்தெடுக்கலாம். அது பிற்போக்கு இல்லை, அவருடைய நிலைமைக்கு ஏற்ற முடிவு. பயத்தில், யாரும் எதையும் விளக்காமல், "மொத்தமா எடுத்துரலாம்" என்று ஆகிவிடுவதுதான் வேதனை.

ஃபிஷர் சொன்னதும் முற்றான உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழு, 17 ஆய்வுகளைச் சேர்ந்த 10,801 பெண்களின் விவரங்களை ஒன்றாகப் போட்டுப் பார்த்தது. லம்பெக்டமிக்குப் பின் கதிரியக்கம் கொடுத்ததால், முதல் பத்தாண்டில் தடுக்கப்பட்ட ஒவ்வொரு நான்கு நோய்த் திரும்பலுக்கும், பதினைந்தாம் ஆண்டுக்குள் ஏறக்குறைய ஓர் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது. அதாவது, அந்த இடத்தில் நோயைக் கட்டுப்படுத்துவதும் ஓரளவு உயிரைக் காக்கிறது. தனித்தனி ஆய்வுகளில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பலன், எல்லாவற்றையும் சேர்த்தபோது தெரிந்தது.

இன்னொரு பக்கம், குறைத்துப் பார்க்கும் சோதனையும் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. அக்குளில் எல்லாக் கணுக்களையும் எடுக்காமல், கட்டியிலிருந்து வரும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுவை மட்டும் எடுத்துப் பார்த்து, அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடலாம் என்று, ஃபிஷர் வளர்த்த அதே என்.எஸ்.ஏ.பி.பி. குழு 5,600க்கு மேற்பட்ட பெண்களிடம் சோதித்து 2010இல் உறுதிசெய்தது. கை வீக்கம் இன்று பலருக்கு வராமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 70 வயதைத் தாண்டிய, சிறிய கட்டியும் ஹார்மோன் ஏற்பியும் உள்ள 636 பெண்களிடம் நடந்த வேறோர் ஆய்வில், லம்பெக்டமிக்குப் பிறகு டமாக்சிஃபென் மட்டும் பெற்றவர்களில் 10 சதவீதத்தினருக்கும், கதிரியக்கமும் சேர்த்துப் பெற்றவர்களில் 2 சதவீதத்தினருக்கும் பத்தாண்டில் அந்தப் பக்கத்தில் நோய் திரும்பியது. உயிரோடிருந்தவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஒன்றே. அதனால் உங்கள் பாட்டியிடம் டாக்டர், "உங்களுக்குக் கரண்ட் வைக்கத் தேவையில்லம்மா, மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுங்க" என்று சொன்னால், வயதானவர் என்று கைவிட்டுவிட்டதாக எண்ணிப் பதற வேண்டாம். எந்த ஆய்வை வைத்துச் சொல்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் விளக்குவார்.